பசியாய் நிற்கும் பட்டாளத்தான்

இத்தாலிச் சண்டையிலிருந்து திரும்பிய வீரையா தகரப்பெட்டியில் ஒரு படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்தான். இரும்புச் சட்டை போட்ட சிப்பாய் ஒருவன். நானூறு வருஷத்துக்கு முந்தி அந்த ஊரில் யாரோ வரைந்ததன் அச்சு. அபிராமத்துக் கடையில் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினான். மறுநாளே அவன் பெண்டாட்டி இராமலட்சுமி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். இடுப்பில் வாள், பெரிய மீசை; காவல் சாமி என்றே நினைத்தாள்.

"ஏ கழுத, சாமி இல்லடி, பட்டாளத்தான்!" வீரையா விழுந்து விழுந்து சிரித்தான். பொட்டை மட்டும் அழிக்கவில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் தன் துரை சொன்ன விளக்கத்தை ஒப்பிப்பான். வாள் என்றால் வீரம். கறுப்பு உடை துக்கம். மேசையில் கிடக்கும் வாடின இலை, உயிர் நிலையில்லை என்பதற்கு. வலது கை உறையை அவன் ஏன் கழற்றி இடது கையில் பிடித்திருக்கிறான் என்று மட்டும் துரை சொல்லவில்லை.

இப்போது காஷ்மீரில் சண்டை. பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று கூட்டாளி மருதுபாண்டி சொல்லியிருந்தான். இன்று காலை பஸ்ஸில் இருவரும் போவதாக ஏற்பாடு.

இராமலட்சுமிக்கு அவனை அனுப்ப மனசில்லை. ஆனால் புறப்படுகிறவனைப் போகாதே என்று சொல்லக்கூடாது. எங்கே என்று கேட்டாலே ஆகாது. தடுத்த சொல் வழியெல்லாம் கூடவே போய்க் கெடுத்துவிடும் என்று அவர்கள் ஊரில் பயம். வாயைக் கட்டிக்கொண்டு சோறு வடித்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

வீரையா பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே படத்தைப் பார்த்தான். "என்னா மிடுக்கா நிக்கிறான் பாரு!"

"மிடுக்கா? பசியால்ல நிக்கிறாரு."

"பசியா?"

"பெறகு சோத்துக்கையில மட்டும் உறை இல்லையே ஏன்? சண்டைக்குப் போறவரு ரெண்டையும்ல மாட்டியிருக்கணும்."

"அடி கிறுக்கி, அங்கன முள்ளுக்கரண்டியிலதான் திம்பாக. சோத்தக் கையால தொடவே மாட்டாக."

"எதுலயும் திங்கட்டும். மொகத்தப் பாருங்க. பின்னால சன்னல் வழியா ஒரு பாதை, கடைசியில சின்னதா ஒரு வீடு. நெனப்பெல்லாம் அங்கனதான். யாராச்சும் சாப்பிடக் கூப்பிடுவாகளான்னு நிக்கிறாரு. கூப்பிட ஆளில்ல, பாவம்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியதை அவன் பார்க்கக் கூடாது.

வீரையா கயிற்றை விட்டுவிட்டுப் படத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு, "நானும் இத்தாலியில இப்பிடித்தான்டி நின்னேன்," என்றான்.

பஸ் ஹாரன் கேட்டது. வாசலில் மருதுபாண்டி வந்து நின்றான். "ஏலே வீரையா, வண்டி வந்துருச்சு, வாலே!"

"நீ போயிட்டு வாப்பா மருது. நான் வரல."

"என்னலே ஆச்சு திடீர்னு?"

"சோறு ஆக்கிட்டாளே."

"சோத்துக்கா பட்டாளத்த விட்ட? வெக்கங்கெட்ட பயலே!" மருதுபாண்டி சிரித்தபடி பஸ்ஸுக்கு ஓடினான்.

வீரையா பூட்ஸைக் கழற்றிப் போட்டான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். இராமலட்சுமி அவசர அவசரமாகப் பரிமாறினாள். குழம்பு சோற்றில் பாதி, தரையில் பாதி. அவன் அதைக் கண்டுகொள்ளாமல் சுவரைக் காட்டினான்.

"அவனையும் ஒரு வார்த்தை கூப்பிடுடி. எம்புட்டு நாளா நிக்கிறான்!"