களாச்செடிக்கு முடிவெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் களாச்செடிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். சலூனில் ஆட்களின் கழுத்தில் கட்டிவிடுகிற அதே வெள்ளைத் துணிதான். செடியின் அடியில் அதைச் சுற்றி விரித்து இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டார். வெட்டி விழுகிற இலைகளைக் கடைசியில் ஒரே உதறாக உதறிவிடலாம் என்பது கணக்கு. பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கிளையைத் தூக்கிப் பிடித்து, சீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தளிரை மட்டும் கத்தரித்தார். இரண்டு வெட்டுக்கு ஒருமுறை கத்தரி காற்றில் சும்மா வெட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

சமையலறை ஜன்னலருகே நின்று டம்ளர் கழுவியபடி அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் கை நடுங்குகிற மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செடியும் ஒன்றும் சொல்லாது. இடுப்புயரத்துக்கு வழவழவென்று கரும்பச்சையாக, தலையில் தட்டு வைத்தால் சரியாமல் நிற்கும் என்பதுபோல் மட்டமாக நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மாடி வீட்டுக் கண்டக்டர் காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போக மாட்டார்.

"அண்ணே, அப்படியே ஒரு ஷேவிங்கும் பண்ணி விட்டுருங்க. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போகுதாம்."

"முள்ளு இருக்குப்பா. பிளேடு தாங்காது" என்பார் அவர், திரும்பாமலே.

செடி அவளுடையது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். வருகிறவர்களை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. நாலு வருடம் முன்பு கடைவாசலுக்குத் தொட்டிச்செடி வாங்கிவர முதலாளி அவளை நர்சரிக்கு அனுப்பினார். அங்கே வேலியோரமாக நின்ற செடியிலிருந்து நர்சரிக்காரம்மா ஒரு பழத்தைக் கிள்ளி அவள் கையில் கொடுத்தாள். கோலிக்குண்டைவிடப் பெரியது, நல்ல சிவப்பு. கடித்ததும் உதட்டில் லேசாகப் பால் ஒட்டியது. முதலில் புளிப்பு, விழுங்கும்போது இனிப்பு.

"அழகுக்கு வெக்கிற களா அக்கா. எப்பவும் பச்சையா இருக்கும், இலை கொட்டாது. பூ மல்லி மாதிரி வாசம். பழம் இந்தா, நீங்களே தின்னு பாத்தாச்சு."

அவர்கள் வீட்டில் அதுவரை எதையும் ஆசைப்பட்டு வாங்கியது கிடையாது. தேவைப்பட்டதை வாங்குவார்கள், உடைந்ததை மாற்றுவார்கள். அன்று அவள் முதலாளிக்கு வாங்கிய தொட்டிகளோடு தனக்கென்று ஒரு களாச்செடியையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். முள் குத்தி முழங்கை முழுக்கக் கீறல். "எதுக்கு இது?" என்று அவர் கேட்டதற்கு, "திங்கறதுக்கு" என்றாள். அவர் சிரித்துவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் தானே குழி தோண்டினார். செடி வேர் பிடித்து நாலு கிளை விட்டதும் சீப்பையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தலை என்று ஒன்று எதிரில் இருந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

மூன்றாம் வருடமும் பூ இல்லை. அந்தச் சமயத்தில்தான் அவர் சலூனை விட்டார். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. தினமும் வந்துபோகிற பேங்க் வாட்ச்மேனுக்குக் காதோரம் எடுக்கும்போது கத்தரி நுனி பட்டு, மயிரிழை அளவுக்கு ரத்தம் வந்தது. வாட்ச்மேன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பரவால்ல, கொசு கடிச்சா இதைவிட வரும்" என்றாராம். அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. வாட்ச்மேன் கண்ணாடிக் கடைக்கு பிரேம் மாற்ற வந்தபோது அவளிடம் சொன்னதுதான். வீட்டில் அவர் சொன்னது வேறு: "முழங்கால் வலி. நின்னு வேலை பாக்க முடியல." கடையைத் தன்னோடு வேலை பார்த்தவரிடம் கொடுத்துவிட்டு, தன் பங்குக் கத்தரியையும் சீப்பையும் துணியையும் மட்டும் எடுத்து வந்தார். முழங்கால் வலிக்காரர் தினமும் காலையில் செடி முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். அவள் முழங்காலுக்குத் தைலம் வாங்கிவந்து கொடுத்தாள். அவரும் தேய்த்துக்கொண்டார்.

அந்த மாதமே அவள் நர்சரிக்குப் போய்ச் சண்டை போட்டாள்.

"நல்லா தலையில கட்டினீங்க. மூணு வருஷமா இலையத்தான் பாத்துட்டு இருக்கோம்."

நர்சரிக்காரம்மா மண்கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். "வெயில் படுதா? தண்ணி தேங்குதா? யாராவது வெட்டி விடறாங்களா?"

"எங்க வீட்டுக்காரர் வெட்டுவார். அழகா வெச்சிருக்கார்."

"எப்பெப்ப?"

"தினமும்."

நர்சரிக்காரம்மா சிரித்துச் சிரித்துப் பக்கத்திலிருந்த வாளியைப் பிடித்துக்கொண்டாள். "இதுல பூ நுனியிலதான் அக்கா வரும். நுனிய தினமும் கிள்ளிட்டு பூ எங்க, பழம் எங்கன்னா அது என்ன பண்ணும், வேர்லயா காய்க்கும்? கத்தரிய வாங்கி ஒளிச்சு வைங்க. அவ்வளவுதான் வைத்தியம்."

பஸ்ஸில் திரும்பும்போது அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். சிரிப்பாகச் சொல்லலாம். கோபமாகக்கூடச் சொல்லலாம், உரிமை இருக்கிறது. கேட்டைத் திறக்கும்போது அவர் செடியின் முன் குனிந்திருந்தார். வலது கை நடுங்கியது. நடுங்கும் கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்து நிறுத்தி, ஒரு தளிரைக் கத்தரித்துவிட்டுத் தலையைச் சாய்த்து, மட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இந்தத் தலைக்கு ரத்தம் வராது. கண்ணாடியில் பார்க்காது. அவள் கைப்பையை மாட்டிவிட்டு, "காபி போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அன்றோடு பழத்தை மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அவர் கத்தரியை எடுக்கும் நேரமாகப் பார்த்து ஜன்னலுக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு நுனி விழும்போதும் அவளுக்கு நாக்கில் அந்தப் புளிப்பு வரும்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் வீட்டு ஓனர் மாடிச் சுவரைப் பூச ஆள் விட்டார். கொத்தனார் பாதிச் சுவரைப் பூசிவிட்டுக் காணாமல் போனார். சாரத்துக் கம்புகளைக் காம்பவுண்டுச் சுவருக்கும் களாச்செடிக்கும் நடுவே கட்டுக்கட்டாகச் சாய்த்துவிட்டுப் போனது அப்படியே கிடந்தது. சுவர்ப் பக்கம் கையே நுழையாது. மழைக்காலம் முழுக்க அவர் முன்பக்கத்தை மட்டும் வெட்டி, பின்பக்கத்தை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார். "பாதி முடி வெட்டி அனுப்பின மாதிரி இருக்கு. தெருவுல தலை காட்ட முடியல" என்றார். யார் தலை என்று அவள் கேட்கவில்லை.

கொத்தனார் ஆள் அனுப்பிக் கம்புகளை எடுத்தது இந்த ஞாயிற்றுக்கிழமைதான். கண்டக்டருக்கு லீவு. அவரும் ஒரு கை பிடித்தார். கடைசிக் கட்டைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

அவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். சாயங்கால வெயில் படுகிற சுவர்ப் பக்கம் செடி தன் இஷ்டத்துக்கு நீண்டு கிடந்தது. நுனிக்கு நுனி வெள்ளைப் பூ, ஐந்து இதழ் விரித்து. இலைகளுக்குள் சிவப்பாக மூன்று பழங்கள்.

"பாத்தீங்களா, நீங்க கத்தரி வெக்காத பக்கமாப் பாத்துக் காய்ச்சிருக்கு" என்று கண்டக்டர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவருக்கே ஏதோ தப்பாகப் பட்டது. "சும்மா சொன்னேண்ணே" என்று கையைத் தட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். காலடியில் துணியில் கிடந்த நுனிகளைக் குனிந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கிளறினார். பிறகு ஒரு பழத்தைப் பறித்து அவளிடம் நீட்டப்போனார். உள்ளங்கையில் பழம் உருண்டு ஆடியது. நீட்டிய கையை மடக்கி, பழத்தைக் கேட்டுத் தூண்மேல் வைத்தார். "எடுத்துக்கோ" என்றார். துணியை அவிழ்த்து உதறி, கத்தரியில் ஒட்டியிருந்த பாலை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, துணிக்குள் சீப்போடு சுருட்டிப் பீரோவின் மேல் தள்ளிவிட்டார்.

அவளால் பழத்தைத் தின்ன முடியவில்லை. ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற குழி ஒன்றில் அதை வைத்தாள்.

அடுத்த நாளும் அவர் செடிப் பக்கம் போகவில்லை, அதற்கடுத்த நாளும். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, டி.வி.யில் எது ஓடினாலும் பார்த்தார். கண்டக்டர் காலையில் வாயைத் திறக்காமல் செடியைத் தாண்டிப் போனார். நல்ல மழைக்குப் பிறகான வெயில், முன்பக்கமும் தளிர்விட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கிளைகள் நடைபாதைக்கு வந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் செடி நிறையப் பழம். கேட்டதெல்லாம் கிடைக்கப்போகிறது என்கிற நிலையில், வேலைவிட்டு வீட்டுக்குள் நுழையவே அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் முள் அவள் கைப்பையை இழுத்துப் பிடித்து நிறுத்தியது. விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கேட்டைத் திறக்க முடியல. முள்ளு ஆளைப் புடிச்சு இழுக்குது."

"வளரட்டும்" என்றார், டி.வி.யைப் பார்த்தபடி. "பழம் வேணும்ல."

அவள் டி.வி.யை அணைத்தாள். அவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"நர்சரிக்காரம்மா. நீங்க கடைய விட்ட மாசம் போய்க் கேட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொன்னா வெட்டறத விட்டுருவீங்க."

கைகளை முழங்கால் இடுக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். வலது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. முதல்முறையாக அதை மறைக்காமல் விட்டார்.

"முழங்காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி மாசாமாசம் தைலம் வாங்கிட்டு வந்தே?"

"நீங்க எதுக்குத் தேச்சுக்கிட்டீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பழம் சற்றுச் சுருங்கியிருந்தது. இரண்டாக அரிந்து ஒரு பாதியை அவர் வாயிலேயே வைத்தாள். மென்றார். முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"இதுக்கா நாலு வருஷம்?"

"இதுக்குத்தான். விழுங்கிட்டுச் சொல்லுங்க."

விழுங்கினார். உதட்டில் நாக்கை ஒருமுறை ஓட்டிக்கொண்டார். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்த துணிச் சுருட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கை முன்ன மாதிரி இல்ல" என்றார் அவர். "பூ மேல பட்டுடும்."

"பட்டா அதுவும் கொசு கடிச்ச மாதிரின்னு நெனச்சுக்கும்."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். வாட்ச்மேன் வாய் எங்கெங்கே போயிருக்கிறது என்று புரிந்துபோனதும் செருப்பைத் தேடினார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் செடியின் அடியில் துணியை விரித்தார். முடிச்சு விழவில்லை, இரண்டாம் முறை அவள் குனிந்து கட்டினாள். அவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆளிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எப்படி வெட்டணும்?"

அவளும் யோசித்துத்தான் சொன்னாள். "பாதைப் பக்கம் மட்டும் கொறைங்க. மேல கை வெக்காதீங்க."

"ஓரம்?"

"ஓரத்துல பூ இருக்கு. பாத்து எடுங்க."

மாடிப் படியில் கண்டக்டர் நைட் டூட்டிக்குக் காக்கிச் சட்டையோடு இறங்கி வந்து பாதியில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார்.

பாதைக்கு நீண்டிருந்த கிளையில், வெட்ட வேண்டிய முள்தண்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு பூங்கொத்து. அவர் சீப்பைப் பையில் போட்டுவிட்டு இடது கையை நீட்டினார். காதோரம் எடுக்கும்போது காதை மடக்கிப் பிடிப்பாரே, அதேபோல் இரண்டு விரலால் அந்தப் பூவை மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் ஒதுக்கிக்கொண்டார். வலது கையில் கத்தரி காற்றில் இரண்டு முறை வெட்டியது. பிறகு நடுங்கிக்கொண்டே, மெதுவாக, அவருடைய விரல்களுக்கு ஓரமாக உள்ளே நுழைந்தது.