இடதும் வலதும்

வாங்கினவர்கள் திருப்பி அனுப்பிய பெட்டியிலிருந்து சூப்பர்வைசர் சம்பத் இரண்டு ஷூ மேல்தோல்களை எடுத்து மேஜைமேல் போட்டதும் பங்கஜம் குனிந்து உற்றுப் பார்த்தாள். இடது கறுப்பாம், வலது கரும்பழுப்பாம். நிறம் பார்த்து இடதுக்கு வலதை ஜோடி சேர்ப்பதுதான் அந்த ஆம்பூர் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவள் வேலை. கண்ணில் புரை விழுந்த பிறகு அவளுக்கு எல்லாமே ஒரே பழுப்பு. அவள் சேர்த்து வைப்பதைப் பக்கத்தில் இருக்கும் அக்தரி பேகம் ஒரு தரம் பார்த்து, தப்பென்றால் முழங்கையால் இடிப்பாள். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் அப்படித்தான் ஓடியது.

"யார் சேத்தது இது?"

"நாந்தான் சார்," என்றாள் அக்தரி.

பங்கஜம் வாயைத் திறந்தாளா? இல்லையே, பாவி! தை மாதம் மகள் கல்யாணம். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். அக்தரியை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் எந்தச் சோறு தொண்டையில் இறங்கும்? கல்யாணம் முடிந்த கையோடு ஆபரேஷனைப் பற்றி விசாரித்தாள். "புரை முத்தட்டும், அவசரப்படாத" என்றார்கள் தெருவில். இலவசக் கண் கேம்ப்புக்குப் போய் வந்த அண்ணன் ஆதிகேசவனுக்கு ஒரு கண் போனதுதான் மிச்சம். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வேலூருக்கே போய் ஒரு கண்ணை அறுத்துக்கொண்டாள். நாற்பது நாள் குனியாமல், தலைக்கு ஊற்றாமல் கிடந்து, சோடாபுட்டிக் கண்ணாடியோடு நேரே அக்தரி வீட்டுக்குப் போனாள்.

"சம்பத் சார்கிட்ட நெஜத்த சொல்லிடறேன்கா. உன்ன திரும்ப எடுத்துப்பாங்க."

"இன்னாத்த சொல்லுவ? நீ சேத்தத சரின்னு வெச்சது நான்தானே. எனக்கும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிது."

அப்போதுதான் பங்கஜம் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். இரண்டு கருமணிக்குள்ளும் கஞ்சித் தெளிவு போல வெள்ளை.

"எத்தினி நாளாக்கா?"

"ஒரு வருஷம் இருக்கும். சொன்னா நீ யார நம்பி உக்காருவ?"

பங்கஜத்துக்கு அழுகை முட்டியது. ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எழுந்துகொண்டாள்.

வழியனுப்ப அக்தரி வாசலுக்கு வந்தாள். காலால் துழாவி, இடதில் தன் செருப்பையும் வலதில் பங்கஜத்தின் செருப்பையும் மாட்டிக்கொண்டாள். பங்கஜம் முழங்கையால் மெல்ல இடித்தாள்.

அக்தரி வலது காலை வெளியே எடுத்து, மறுபடி தேடத் தொடங்கினாள்.