ரூம் சத்தம்

அம்மா அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். பாட்டு நின்று, வீட்டின் சத்தம் காதில் விழுந்தது. கம்ப்யூட்டர் திரையில் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா மாட்டிட்டிருக்க?"

"இப்பதாம்மா."

மருந்துக்கடைப் பை அம்மாவின் தோளிலேயே தொங்கியது. முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவள் எழுந்தாள்.

பக்கத்து அறையில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். மத்தியானத் தூக்கம் போலத்தான் இருந்தது. ஆக்சிஜன் மெஷின் மட்டும் வழக்கம்போலக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து சுவிட்சை அணைத்தாள். மூன்று வருடமாக ஓயாத சத்தம் ஓய்ந்தது.

மருந்துக்கடைக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "காதுல அதை மாட்டாத. அவர் கூப்பிட்டா கேக்கணும்."

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். கல்லூரியில் அவளும் நண்பர்களும் எடுத்துக்கொண்டிருந்த பாட்டு வீடியோ ஒரு கடைசி பஸ்ஸைப் பற்றியது. உண்மையான பஸ்ஸை யாரும் தரவில்லை. அப்பாவின் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, பழைய இரும்புக் கடையில் பிடித்த ஸ்டீயரிங்கை ஒரு ஸ்டூலில் பொருத்தி, அவரைப் பின்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு பேர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினால் தெருவிளக்குகள் கடந்து போகிற மாதிரி இருக்கும். ஒருவன் நாற்காலியை ஆட்ட வேண்டும்.

முதல் டேக்கிலேயே அப்பா கையைத் தூக்கினார்.

"நிறுத்துப்பா. இப்படிக் குலுக்கினா பாசஞ்சர் இறங்கி வந்து என்னை அடிப்பான். திருப்பத்துல மட்டும் ஆட்டு."

பிறகு காலடியில் பார்த்தார். "பிரேக் எங்க?"

"அங்கிள், கால் ஃபிரேம்லயே வராது."

"உனக்கு வராது. எனக்கு வேணும்ல?"

ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன்மேல் காலை வைத்த பிறகுதான் வண்டியை எடுத்தார். மூக்கில் இருந்த குழாயை டேக்குக்கு டேக் கழற்றிக் கழற்றி மாட்டினாள் அம்மா. "மேக்கப் மேன் வேலை மட்டும்தான் பாக்கி எனக்கு," என்று முணுமுணுத்தாலும், அன்று அவளும் சிரித்தாள்.

எடுக்க மறந்தது ஒன்றுதான். பாட்டு முடிந்ததும் அப்பாவின் முகம் சில நொடிகள் சும்மா திரையில் நிற்கும். அங்கே முழு மௌனம் போட்டால் வீடியோ கெட்டுப்போனதோ என்று தோன்றும். அந்த அறையின் சத்தத்தைத் தனியாக எடுத்து அடியில் போட வேண்டும். ஒலிப்பதிவு பார்க்கிற நண்பன், எல்லோரும் மைக்கு என்று கூப்பிடுகிறவன், கல்லூரி ரெக்கார்டரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

அம்மா வெளியே போயிருந்த அந்த மத்தியானம், அதை மாத்திரை டப்பா இருந்த அலமாரியில் வைத்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாள்.

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாதீங்க. ரூம் சத்தம் எடுக்கணும்."

"ரூமுக்கு என்னடி சத்தம்?"

"யாரும் பேசாதப்ப இருக்குமே, அது."

"நல்லவேளை உங்கம்மா வெளிய போயிருக்கா."

"அப்பா, பேசாதீங்க."

அவர் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அவள் அடுத்த அறைக்குப் போனாள். ஒரே ஒரு ஷாட்டை வெட்டி ஒட்டிவிட்டு வரலாம் என்று ஹெட்போனை மாட்டினாள். எடுத்தாயிற்று, இனிப் பேசலாம் என்று அவரிடம் போய்ச் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை வாசல் முழுக்கச் செருப்புகள். அப்பாவின் அக்கா, பெரிய அத்தை, வந்த வேகத்தில் அழுது முடித்துவிட்டு விசாரிக்கத் தொடங்கினாள்.

"கடைசியா என்ன சொன்னான்? தண்ணி கேட்டானா?"

அத்தை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பக்கத்துல யாருமே இல்லையா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, "நான்தான் இருந்தேன் அண்ணி," என்றாள். "தூக்கத்துலயே போயிட்டார்."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். அம்மா மகள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது அம்மாவின் போனில் அலாரம் அடித்தது. பதினோரு மணி மாத்திரை. அம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து இரண்டடி நடந்துவிட்டாள். யாரோ கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அம்மா அலாரத்தை நிறுத்தினாள். பிறகு ஒன்றைத் தேடுகிறவள் போல, அதற்கடுத்த அலாரத்தையும் அதற்கடுத்ததையும் அழித்துக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் அழித்து முடித்ததும் ஒரு பெரிய மூச்சு வந்தது. உடனே புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நண்பர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நாற்காலி ஆட்டினவன் அழுதுகொண்டிருந்தான். மைக்கு அவளிடம் வந்தான்.

"வீடியோவை அப்புறம் பாத்துக்கலாம். சார்கிட்ட பேசிட்டோம்."

"ம்."

"ரூம் சத்தம் எடுத்தியா?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரி. வாயில வந்துருச்சு."

அப்போதுதான் ரெக்கார்டரை நிறுத்தவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

எல்லாம் முடிந்து, அத்தையும் கிளம்பிய பிறகு, சாயங்கால வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் ரெக்கார்டர் பேட்டரி தீர்ந்து கிடந்தது. அவள் பேட்டரியை மாற்றினாள். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். விரல் பட்டனிலேயே நின்றது. அவர் கூப்பிட்டிருந்தால்? அதைவிட, பேசாதே என்று மகள் சொன்னதற்காகக் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

அழுத்தினாள்.

அவள் குரல்தான் முதலில். பேசாதீங்க. கதவு. மெஷின். மெஷினுக்கு அடியில் அப்பாவின் மூச்சு, நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக. தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் கிளம்பாமல் கிளம்பியது. கட்டில் கிறீச்சிட்டது. அவள் ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

தூரத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று ஒரு கணம் புரியவில்லை. அவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம், செங்கல் ஷாட்டைப் பார்த்து, காதில் ஹெட்போன் இருந்ததால் தனக்கே தெரியாமல் சத்தமாகச் சிரித்திருக்கிறாள்.

"என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு இவளுக்கு," என்றார் அப்பா.

அது கூப்பிட்ட குரல் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல். மூக்குக்குள்ளேயே ஒரு சின்னச் சிரிப்பும் கூட இருந்தது. அவர் பேசிவிட்டார். ஒரு வார்த்தைகூட அடக்கி வைக்கவில்லை. பிறகு ஒரு கொட்டாவி. மூச்சு மறுபடி நீண்டது. இடைவெளிகள் மெல்ல அதிகமாயின. எது கடைசி என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் மெஷின் ஓடியது. அன்று அம்மா வீடு திரும்பிய செருப்புச் சத்தம் தூரத்தில் தொடங்கியதும் நிறுத்தினாள்.

அம்மா ரெக்கார்டரையே பார்த்தபடி கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"கூப்பிட்டாரா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "நான் சிரிச்சதுக்குத் திட்டினார்."

"திட்டினாரா?"

"ம். என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்குன்னு."

அம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "மூடிட்டு இருக்கத் தெரியுமா அந்த மனுஷனுக்கு," என்றாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். "குடு."

அவள் ஹெட்போனை அம்மாவுக்கு மாட்டிவிட்டு முதலிலிருந்து போட்டாள். அம்மா கட்டில் காலில் சாய்ந்துகொண்டாள். மூன்று வருடம் இதே அறையில் படுத்து அம்மா கேட்டுக்கொண்டிருந்த மூச்சு அது. அப்பா திட்டிய இடம் வந்ததும் அம்மாவின் வயிறு சிரிப்பில் ஒரு தடவை குலுங்கியது. பிறகு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்தது. விளக்கு போடாத அறையில் அம்மா குறட்டை விட்டாள்.

அவள் ரெக்கார்டரின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள்.

அம்மா தலையிலிருந்து ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை.