ஈரச் சட்டை

மூடிக் கிடந்த பிஸ்கட் ஃபேக்டரி இடத்தை விலைக்கு வாங்கியதும் நகராட்சி செய்த முதல் காரியம் ஒரு பலகை வைத்ததுதான். 'எளியவர்களுக்கு எட்டும் விலையில் வீடுகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். இரண்டாவது காரியம், எளியவர்கள் யாரும் உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேனைப் போட்டது. மூன்றாவது காரியம் என்ன என்று கேட்காதீர்கள். பலகையில் இருந்த குடும்பம் வெயிலில் வெளுத்து, அப்பாவுக்கு முகமே போய்விட்டது.

வாட்ச்மேனுக்குக் கேட்டை ஒட்டி ஒரு அறை. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஆனாலும் தலைக்கு மேல் கூரை. வருஷம் முழுக்க நெஞ்சுச் சளியோடு மல்லுக்கட்டுகிற அந்த மனுஷருக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. உள்ளே யாராவது குடியிருப்பது தெரிந்தால் வேலையும் அறையும் அன்றைக்கே போய்விடும் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை நகராட்சி சர்வேயர் ஸ்கூட்டரில் வந்து சுற்றிப் பார்ப்பார். ஆளைத் தேட மாட்டார், துணியைத் தேடுவார்.

"சமைக்காம இருந்துடுவாங்க, லைட் போடாம இருந்துடுவாங்க. துணி காயப் போடாம எத்தனை நாள்யா இருப்பாங்க?"

அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வாட்ச்மேனே ஒரு தடவை, பாய்லர் ரூமில் ஒண்டியிருந்த ஒரு தகப்பனையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு ஈரத் துண்டை வைத்தே பிடித்துக் கொடுத்தார். சர்வேயர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு வாட்ச்மேனுக்குச் சாப்பாடு ருசியாகவே இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பலகை வந்ததிலிருந்து சுற்றுவட்டாரத்தில் வாடகை தாறுமாறாக ஏறியது. ஏரியாவே மாறப்போகிறதாம். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த அவருடைய தங்கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. புருஷன் வேலை தேடி வெளியூர் போனவன், போனையே எடுப்பதில்லை. நாலு வயது மகளும் இரண்டு பைகளுமாக அவள் கேட்டில் வந்து நின்றாள்.

"எத்தனை நாளைக்கு?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

"ஒரு இடம் கிடைக்கற வரைக்கும்ணா. உன் ரூம் வேண்டாம், தெருவுல போறவங்க கண்ணுல படும். உள்ள ஏதாவது ஒரு மூலை போதும்."

பழைய பேக்கிங் ஷெட்டைத் திறந்துவிட்டார். "அடுப்பு பத்த வைக்காத. லைட் போடாத. முக்கியமா, துணி காயப் போடாத. ஈரத்தோடயே மடிச்சு வெச்சுடு."

தங்கை சொன்ன சொல் தட்டவில்லை. ஈரமும் வாடையுமான கவுனைப் போட்டுப் போட்டுக் குழந்தை உடம்பெல்லாம் சொறிந்துகொண்டது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சர்வேயர் வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் தங்கை அவருடைய காக்கிச் சட்டையின் காலரைப் பார்த்து முகம் சுளித்தாள். "இந்த அழுக்கோடயா அவர் முன்னாடி போய் நிப்பே? கழட்டிக் குடு."

இருமிக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் ஆகவில்லை, கேட்டில் ஸ்கூட்டர் சத்தம். ஒருநாள் முன்னாலேயே சர்வேயர் வந்து நின்றார்.

"மேலதிகாரி வர்றாருய்யா, போட்டோ எடுக்கப் போறாங்க. யூனிஃபார்ம் எங்க?"

"துவைச்சுப் போட்டிருக்கேன் சார். கொடியில காயுது."

கொடி எங்கே என்று அவருக்கே தெரியாது. அறையைச் சுற்றித் தேடிவிட்டு சர்வேயரே உள்ளே போய்விட்டார், வாட்ச்மேன் பின்னாலேயே ஓடினார். பேக்கிங் ஷெட்டில் தகரம் உடைந்து வெயில் விழுகிற இடத்தில் ஒரு கயிறு, அதில் காக்கிச் சட்டை. காயப் போடக் கூடாது என்று அண்ணன் சொன்னது தன் துணியை, அண்ணன் சட்டைக்கு என்ன பயம் என்று தங்கை நினைத்துவிட்டாள். வந்த வெயிலை வீணாக்குவானேன் என்று பக்கத்திலேயே சின்னக் கவுன் ஒன்றும் தொங்கியது.

சர்வேயர் சட்டையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் வாட்ச்மேனைப் பார்த்தார். "உன் சட்டை இங்க எப்படி வந்துச்சு? யாரு இவங்க?"

தங்கைதான் பேசினாள்.

"அவரைத் திட்டாதீங்க ஐயா. நேத்து ராத்திரி சுவரேறி வந்தோம். அவருக்குத் தெரியாது. கேட் ரூம் கொடியில ஈரமாக் கிடந்துச்சு. நான்தான் திருடிட்டு வந்தேன்."

"ஏன்யா, உன் சட்டையவே காப்பாத்திக்க முடியல, நீ நிலத்தக் காக்கறியா? இவங்களை முன்னப்பின்ன தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சில் கட்டில் தெரிந்தது, பாதி திறக்கிற கதவு தெரிந்தது.

"தெரியாது சார்."

"சரி, போலீஸ் எல்லாம் வேண்டாம், பாவம். வெளிய அனுப்பு. ஏம்மா, இங்க வீடு கட்டினதும் மனு எழுதிப் போடு. உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான் கட்டப் போறோம்."

பைகளைத் தங்கையேதான் தூக்கிக்கொண்டாள். கேட்டைத் தாண்டியதும் குழந்தை திரும்பி, "மாமா, டாட்டா" என்றது. எந்தக் குழந்தைதான் பார்த்தவரையெல்லாம் மாமா என்று கூப்பிடாமல் இருக்கிறது? சர்வேயர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கையும் நின்றாள். "சட்டைய நல்லாக் காய வெச்சுப் போடுங்க ஐயா. நெஞ்சுல சளி கட்டிக்கும்."

பிறந்ததிலிருந்து அவள் அவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"திருடின வாய்க்கு அக்கறையைப் பாரு!" சர்வேயர் சிரித்தார். "பூட்டுய்யா. பூட்டிட்டுச் சட்டையை மாட்டு, கார் வந்துடும்."

வாட்ச்மேன் பூட்டினார். ஈரத்தோடு மாட்டிக்கொண்டார். செத்துப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

கார் வந்தது. மேலதிகாரிக்குப் பக்கத்தில், பலகைக்கு முன்னால் அவரையும் நிற்க வைத்தார்கள். தெருமுனையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தங்கை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.