ஓரின் ஹாஸ்கெட்டின் நெருப்புத் தட்டு

ஓரின் ஹாஸ்கெட் போய்ச் சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியும் அவருடைய சாம்பல் சமையலறை அலமாரியில், காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காப்பி போடும் ஒவ்வொரு காலையிலும் மகள் மார்லா அதைத் துடைத்து வைப்பாள். இடாஹோவில் ஸ்டில்வெல் ஆற்றையும் அதன் இரு கரையிலுள்ள அரசாங்க நிலத்தையும் முப்பத்தொரு வருடம் கட்டிக் காத்த அதிகாரி அவர். ஏழாவது மைலில் இருக்கும் மணல்கரையில் தன்னைக் கரைத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த ஆற்றில் படகு இறக்க வேண்டுமானால் ஜனவரிக் குலுக்கலில் பேர் விழ வேண்டும். அந்தக் குலுக்கலைக் கொண்டுவந்த புண்ணியவானும் அவரேதான். மார்லாவுக்கு மூன்று வருடம் வரிசையாக விழவில்லை.

ஓரினுடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ட்ராய், அவரிடமே வேலை கற்றவன். அவனுக்கே மனசு கேட்கவில்லை.

"எதுக்கு மார்லா குலுக்கலும் கிலுக்கலும்? ஆபீஸ் படகு இருக்கு. ஒரு வார்த்தை சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்."

மார்லா ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். சாம்பல் கரைப்பதற்கான விண்ணப்பம். சாவதற்கு முன்பே ஓரின் தன் கையாலேயே நிரப்பி, தேதியை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். சிறப்புச் சலுகை ஏதும் வேண்டுமா என்ற கேள்விக்கு எதிரே, "வேண்டாம். நான் யாருக்கும் கொடுத்ததில்லை" என்று எழுதியிருந்தது. ட்ராய் படித்துவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

நாலாவது ஜனவரியில் பேர் விழுந்தது. கிடைத்த நாள் ஜூன் பதினொன்று. அதற்குள் அம்மா யூலாவுக்கு எழுபத்தொன்பது. இதயத்தைப் பார்த்த டாக்டர், இந்த வருடம் போனால் போகட்டும், அடுத்த வருடம் ஆற்றை நினைத்தே பார்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, இந்த ஒரு நாளைத் தவறவிட்டால் யூலா தன் புருஷனை வழியனுப்பப் போவதில்லை.

மார்லாவும் இரண்டு தம்பிகளும் அம்மாவை ஏற்றிக்கொண்டு மூன்று மணிநேரம் சரளைக்கல் சாலையில் குலுங்கி, பத்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். யூலா மடியில் சாம்பல் டப்பா. ட்ராய் சோதனைப் பட்டியல் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றான். துறையில் இறங்கும் எந்தப் படகையும் சோதிக்காமல் விடுவதில்லை. இதுவும் ஓரின் வைத்த வழக்கம்தான்.

"லைஃப் ஜாக்கெட்?"

"நாலு. உபரியா ஒண்ணு."

"கழிவுப் பெட்டி?"

"இருக்கு."

"நெருப்புத் தட்டு?"

மார்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீயும் கரியும் மணலில் படாமல் அதிலேயே மூட்டி அள்ளிக்கொண்டு வர அப்பா வைத்திருந்த அந்தப் பெரிய இரும்புத் தட்டு வீட்டில், கார் கொட்டகைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கேஸ் அடுப்புதான் இருக்கிறதே, அதை வேறு யார் சுமப்பது என்று அவள்தான் தம்பியிடம் எகத்தாளமாகச் சொன்னாள். தீ மூட்டினாலும் மூட்டாவிட்டாலும் தட்டு இல்லாமல் படகு இறங்கக் கூடாது என்ற விதியை எழுதியவரின் பெண்ணுக்கு அது மறந்துபோனது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விட்டுட்டு வந்துட்டோம்" என்றாள்.

ட்ராய் பேனாவைக் கீழே இறக்கினான். இரண்டு மணிக்குள் படகு இறங்காவிட்டால் அனுமதிச் சீட்டு செல்லாது. ஊருக்குப் போய்த் திரும்ப ஆறு மணிநேரம்.

"நீங்க கிளம்புங்க. நான் இந்த வரியைப் பாக்கல" என்றான் மெதுவாக.

யூலா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "பாத்துட்டியேப்பா. அப்புறம் எப்படிப் பாக்கலன்னு சொல்லுவ?"

"அம்மா, அடுத்த வருஷம் உன்னால வர முடியாது" என்றாள் மார்லா.

"தெரியும்டி. அதுக்காக? உங்கப்பன் டப்பாக்குள்ள இருந்துகிட்டே என்னைத் திட்டுவான். ட்ராய், இல்லைன்னு எழுது."

ட்ராய் எழுதவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தர்மசங்கடமாக நின்றான்.

பக்கத்தில் தன் படகில் காற்றடித்துக்கொண்டிருந்த ஒரு தாடிக்காரர் பம்பை நிறுத்தினார். அறுபது வயதிருக்கும். "டப்பால இருக்கறது ஓரின் ஹாஸ்கெட்டா?" என்று கேட்டார்.

யூலா தலையசைத்தாள்.

அவர் தன் வண்டிப் பக்கம் போய், கரி படிந்த ஒரு நெருப்புத் தட்டை எடுத்து வந்து மார்லாவின் காலடியில் வைத்தார்.

"அப்ப உங்களுக்கு?" என்றாள் மார்லா.

"எனக்கு வேற ஒண்ணு இருக்கும்மா. என் பேரு ரஸ் டில்மன். தொண்ணூத்தெட்டுல நெவாடாலேருந்து பதினோரு பேரைக் கூட்டிட்டு முன்னூறு மைல் வந்தேன். தட்டு இல்லைன்னு உங்கப்பா திருப்பி அனுப்பிட்டாரு. அன்னிக்குத் துறையில கடன் கேக்க வேற ஒரு ஈ காக்கா இல்ல. போதாக்குறைக்கு ஆளுக்கொரு சாண்ட்விச் வேற கொடுத்தாரு, வழியில சாப்பிடுங்கன்னு. அதுதான் இன்னும் எரிச்சல்."

"திட்டினீங்களா?" என்றாள் யூலா.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும். உங்க முன்னாடி அதையெல்லாம் சொல்ல முடியாது." ரஸ் தாடியைச் சொறிந்துகொண்டார். "அன்னிலேருந்து ரெண்டு தட்டு எடுத்துட்டு வர்றேன். வேற எவனாச்சும் மறந்திருப்பானேன்னு. இதுவரைக்கும் ஒன்பது தடவை கொடுத்திருக்கேன். அவரு பொண்ணுக்கே கொடுப்பேன்னு நினைக்கல."

யூலா சிரிப்பை அடக்க முடியாமல் டப்பாவைத் தட்டினாள். "கேட்டியா ஓரின்?"

ட்ராய் அட்டையில் நெருப்புத் தட்டுக்கு நேரே ஒரு டிக் போட்டான். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டான்.

ஏழாவது மைலுக்குப் போய்ச் சேரும்போது மதியம் தாண்டியிருந்தது. தம்பிகள் இரண்டு பேரும் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். யூலா மணலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளே வெள்ளைக் காலுறை.

"கல்யாணமான வருஷம் உங்கப்பன் என்னை இங்கதான் கூட்டிட்டு வந்தான்" என்றாள். "அப்ப இங்க வேலையில சேரல. கரை பூரா கரிக்கட்டை. கண்டவன் கண்ட இடத்துல தீ மூட்டிட்டுப் போயிருந்தான். என் காலுறை கறுத்துப்போச்சு, எத்தனை துவைச்சும் போகல. நான் அழுதே அழுதேன். புதுசு வாங்கித் தர்றேன்னு சொல்லுவான்னு பாத்தா, கரையைச் சுத்தம் பண்றேன்னு சொன்னான். பைத்தியக்காரன்னு நினைச்சேன்."

அவள் எழுந்து, டப்பாவை அணைத்துக்கொண்டு, தண்ணீர் வரைக்கும் வெறும் காலுறையோடு தனியாகவே நடந்தாள். நூறு அடி இருக்கும். கோடையில் வாரத்துக்கு ஐம்பது பேர் வந்து படுத்து, சமைத்து, சாப்பிட்டுவிட்டுப் போகும் கரை. மார்லா பின்னாலேயே போனாள். கண் தானாக மணலைத் துழாவியது. ஒரு கரித்துண்டாவது அகப்படுமா என்று பார்த்தாள். அகப்படவில்லை. தன் அப்பாவை நினைத்து அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

யூலா டப்பாவைக் கவிழ்த்தாள். சாம்பல் போய்ச் சேர்ந்தது. ஆறு அதை வாங்கிக்கொண்டு வளைவில் திரும்பியது.

யூலா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருடி" என்றாள்.

காலுறையில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. மற்றபடி வெள்ளையாகத்தான் இருந்தது.