ஞாயிறு மதியம் ஒரு மணிக் கெடு

லோசலின் தன் துணிக்கடை மூலையில் ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தாள். டோங்காத் தீவுகளிலும் வெளிநாடுகளிலுமாக இப்படி இருபத்தொரு பேரிடம் இருபத்தொரு இயந்திரங்கள். ஃபெது என்கிற டிஜிட்டல் காசு ஓடுவது அவற்றில்தான். அதற்கு முதலாளி கிடையாது. விதியை மாற்றவேண்டுமானால் பதினாலு பேர் சரியென்று பொத்தானை அழுத்தவேண்டும்.

அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. யார் காசை வேண்டுமானாலும் முடக்குகிற சாவி ஒன்று எங்களுக்கு வேண்டும், திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் இயந்திரங்களைப் பறித்து, அவற்றை வைத்திருப்பவர்களை உள்ளே தள்ளுவோம் என்று.

லோசலின் பயந்தது அண்ணனுக்காக. அவள் அண்ணன் கேஃபு வானொலியில் மந்திரியைக் கிழித்தவன். அடுத்த மாதம் ஆக்லாந்தில் நடக்கவிருந்த அவனுடைய இதய ஆபரேஷனுக்கு ஊரார் சேர்த்த பணமெல்லாம் ஃபெதுவில் இருந்தது. சாவி கைமாறினால் முதலில் முடங்குவது அவன்தான்.

பிரிஸ்பேனிலிருந்த ஃபெஹோகோ பயந்துபோய், சாவியைக் கொடுத்துவிடலாம் என்று வாக்கெடுப்பு வைத்தான். பதிமூன்று பேர் அழுத்திவிட்டார்கள். மிச்சம் ஒன்று. அதைத் தருவதாகச் சொன்னவர் கிறிஸ்தவக் கோயில் பொறுப்பாளர் வைசிமா. எதிலும் கடைசியாகச் சொல்வதுதான் அவர் வழக்கம். கெடு ஞாயிறு மதியம் ஒரு மணி. அப்போதுதான் எல்லாரும் வீட்டிலிருப்பார்கள் என்று ஃபெஹோகோ கணக்குப் போட்டிருந்தான். இருபது வருஷம் வெளியூரில் கிடந்தால் இப்படித்தான் கண்ணுங்களா, சொந்த ஊர் ஞாயிறு மறந்துபோகும்.

அந்த ஞாயிறு கோயில் முடிந்து வைசிமா வீட்டில் பந்தி. குழியடுப்பில் வெந்த இறைச்சிப் பொட்டலத்தை லோசலின் பிரிக்கக்கூட இல்லை. பன்னிரண்டே முக்காலுக்கு வைசிமாவின் போன் அடித்தது. ஃபெஹோகோதான்.

"சித்தப்பா, இன்னும் கால்மணிதான் இருக்கு. ஒரு பொத்தான், ஒரு விரல்."

"ஒரு விரல் வேலையும் வேலைதானப்பா. இன்னிக்கு என்ன கிழமை?"

"ஐயோ, ஞாயிறு" என்றான் ஃபெஹோகோ, அப்போதுதான் நினைவு வந்து.

"நாளைக்குக் காலையில அழுத்தறேன். நீயும் சாப்பிட்டுத் தூங்கு" என்று போனை வைத்துவிட்டு, பெரியவர் பாயில் சாய்ந்தார். ஒரு மணி அடித்தபோது குறட்டை வந்துகொண்டிருந்தது. வாக்கெடுப்பு தோற்றுப்போனது.

ஒரு பயம் போக இன்னொரு பயம் வந்தது. திங்களன்று வைசிமா வீட்டு வாசலில், லோசலின் கண்ணெதிரே, அதிகாரி வேனோடு வந்து இறங்கினார், இயந்திரங்களை ஏற்றிப்போக. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டார். வைசிமா காரணத்தைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டார்:

"நேத்து ஒரு மணிக்கு நீ எங்க இருந்தே தம்பி?"

"தூங்கிட்டிருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை வேலை செய்யலைன்னு இவங்களைப் பிடிச்சோம்னு எழுதிக்கோ. மந்திரி கையெழுத்துப் போடறாரான்னு பார்ப்போம்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஞாயிறு வேலைதான் இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். கடைசியில், வாக்கெடுப்பு மறுபடி நடத்த மூன்று மாத அவகாசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேனைக் காலியாகவே திருப்பினார்.

"மூணு மாசத்துல கேஃபு ஆபரேஷன் முடிஞ்சு வந்துடுவானில்ல?" என்றார் வைசிமா, போகிறபோக்கில்.

"வந்துடுவான்" என்றாள் லோசலின். கடைக்குப் போய், இயந்திரத்தின் பச்சை விளக்கைப் பார்த்தபடி, கையோடு கொண்டுவந்திருந்த நேற்றைய பொட்டலத்தைப் பிரித்தாள். ஆறிப்போயிருந்தது. ஒரு துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.