நாற்காலி ஒன்று, தினம் மூன்று வேளை

1

டமார்!

மாடிப்படியின் உச்சியிலிருந்து ஒரு பெண் உருண்டு விழுந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கையிலிருந்த பாத்திரம் அவளுக்கு முன்பே தரைக்கு வந்து, வட்டமடித்து, ஓசையடங்கிப் படுத்தது.

பதறாதீர்கள். அவளை உருட்டிவிட்டது நான்தான். தொடர்கதை பதினான்காவது வாரத்தில் தொய்வடைந்தால் கர்ப்பிணியை மாடிப்படியில் நிறுத்துவது என் வழக்கம். அடுத்த வாரம் குழந்தை பிறக்கும், வீல் என்று அலறும், பிரிந்த குடும்பம் ஒன்றுசேரும், பத்திரிகை விற்கும்.

அப்படி ஒருத்தியை உருட்டிவிட்ட வாரம்தான் அந்தப் போன் வந்தது. இந்தக் கதை பிறந்ததும் அந்தப் போனில்தான்.

"சார், நான் பிரசவ ஆஸ்பத்திரியில நர்ஸ். இருபத்திரண்டு வருஷமா. உங்க கதைய ஒரு வாரம் விடாம படிக்கிறவ."

"ரொம்ப சந்தோஷம்மா."

"சந்தோஷப்படாதீங்க, எண்ணிப் பாத்துட்டுதான் பேசறேன். இதுவரைக்கும் ஒன்பது பேர உருட்டியிருக்கீங்க. ஒன்பது பேருக்கும் ஏழாம் மாசம். ஒருத்திக்காவது ஒரு யூரின் டெஸ்ட் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. ஒன்பது பேரையும் நிலவொளியில் நிறுத்தியிருக்கிறேன், இருவரைப் பாடவும் வைத்திருக்கிறேன். யூரின் டெஸ்ட் தோன்றவில்லை.

"அப்புறம் அந்தக் குழந்தைங்க! ஏழாம் மாசத்துப் புள்ள வீல்னு கத்துமா? மூச்சு விடவே மிஷின் வேணும் சார். எங்க வார்டுல வந்து ஒரு நாள் நின்னு பாருங்க. அங்க கத்தறது குழந்தைங்க இல்ல, அம்மாக்காரிங்க."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"ஒரே ஒரு கதையிலயாவது குறைப்பிரசவம் ஆகாம தடுத்துக் காட்டுங்களேன். கை தேஞ்சா போயிடும்?"

2

உட்கார்ந்தேன். தொடக்கங்களைக் கீழே தருகிறேன்.

முதல் தொடக்கம்: 'அவள் பரிசோதனைக்குப் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்தாள்.' கதை முடிந்துவிட்டது.

இரண்டாவது: 'குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. அவையாவன—' சுகாதாரத் துறையின் கையேடு இப்படித்தான் தொடங்குகிறது. அதை அச்சடித்தவர்கூட இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டார்.

மூன்றாவது: 'அவள் வயிற்றில் கை வைத்த கணத்தில், வானத்தில் ஒரு—' வானத்தில் ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன்.

தடுப்பு வேலையில் இருக்கும் கோளாறு இதுதான். அது பலித்துவிட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. பற்றியெரியும் வீட்டுக்குள் பாய்ந்தவனுக்குப் பதக்கம் உண்டு. அடுப்பை மறக்காமல் அணைத்துவிட்டுப் படுத்தவளை யார் மேடைக்கு அழைக்கிறார்கள்?

நர்ஸுக்குப் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டேன். "கற்பனை வராதுன்னா பரவாயில்ல, எங்கிட்ட ஒருத்தி இருக்கா," என்றார். "வாரா வாரம் சொல்றேன். நடக்க நடக்க எழுதுங்க. ஆனா ஒண்ணு. மாடிப்படி பக்கம் கூட்டிட்டுப் போகக் கூடாது."

3

அந்த ஒருத்தி, சாமான்களை நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் பெரிய கடையில் பில் போடுகிறவள். கடையில் அவளை 'மூணாம் கவுன்ட்டர்' என்றே கூப்பிடுவார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நின்றபடி வேலை. கவுன்ட்டருக்குப் பின்னால் நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருப்பவர் பில் போட்டால் வாடிக்கையாளருக்கு அவமரியாதை என்று மேலிடத்தில் யாரோ, உட்கார்ந்தபடி, முடிவு செய்திருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் குழந்தை இருபத்தாறாவது வாரத்தில் பிறந்தது. நான்கு நாள் இருந்தது. இப்போது மறுபடி வயிற்றில். இருபத்தோராவது வாரம். எத்தனை மாதம் என்று யார் கேட்டாலும் "இப்பதான்" என்பாள். எண்ணை வாய்விட்டுச் சொன்னால் அது அந்த இருபத்தாறின் காதில் விழுந்துவிடும் என்று பயம்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எரிச்சலோ வலியோ இல்லாமல் சத்தம் போடாமல் குடியிருந்த கிருமி. ஒரு வாரம் மாத்திரை. ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்தார்கள். குறைவாக இருந்தது.* இரண்டுமே பிரசவத்தை முன்கூட்டி இழுத்து வரக்கூடியவை. தினம் படுக்கப் போகும் முன் ஒரு மருந்து. எல்லாம் எழுதி முடித்த பிறகு நர்ஸ் கேட்டார்:

"நாள் பூரா என்னடி பண்ற?"

"நிக்கிறேன்க்கா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பஸ்ல நிக்கிறேன்."

[* 'கருப்பை வாய்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். குடும்பப் பத்திரிகையாம். குடும்பம் எந்த வழியாக வருகிறது என்று நான் கேட்கவில்லை.]

4

நர்ஸ் ஒரு மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார்:

நாற்காலி – 1.
காலை, மதியம், மாலை.
உணவுக்கு முன்னும் பின்னும்.

டாக்டரம்மாவிடம் நீட்டினார். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். சிரிக்கவில்லை. 'முதுகு சாய்மானம் உள்ளது' என்று தன் கையால் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

(நாற்காலி குறைப்பிரசவத்தைத் தடுக்குமா? நானும் கேட்டேன். "நாற்காலி மருந்து இல்ல சார்," என்றார் நர்ஸ். "ஆனா மருந்தக் குடுத்துட்டு, போய் ஒன்பது மணி நேரம் நில்லுன்னு அனுப்பறதுக்குப் பேரும் வைத்தியம் இல்ல.")

கடை மேற்பார்வையாளர் சீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"இத எங்கிட்ட ஏம்மா நீட்டற? மருந்துக் கடையில கேளு."

பக்கத்துக் கவுன்ட்டர்கள் சிரித்தன. சீட்டின் பின்புறம் 'கையிருப்பில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார் அவர். அடுத்த பரிசோதனைக்கு அதை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். 'மாற்று மருந்து: ஸ்டூல்' என்று எழுதினார் நர்ஸ். 'எத்தனை நாளைக்கு?' என்று கடை எழுதியது. 'குழந்தை வெளியே வரும் வரை' என்றது ஆஸ்பத்திரி. 'தலைமை அலுவலகத்தின் பார்வைக்கு' என்றது கடை. தலைமை அலுவலகம் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு சின்னச் சீட்டில் இரண்டு பெரிய நிறுவனங்கள் இப்படிக் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருக்க, இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் போயின. அவள் நின்றாள். இருபத்தைந்தாவது வாரத்தில், பால் பாக்கெட்டைத் தூக்கி வைக்கும்போது அடிவயிறு ஒருமுறை இறுகி விட்டது. அவள் கை பாக்கெட்டின் மேலேயே நின்றுவிட்டது. "சீக்கிரம் போடும்மா," என்றார் வரிசையில் ஒருவர். மறுபடி இறுகுகிறதா என்று காத்திருந்தாள். இறுகவில்லை. பில்லைக் கிழித்துக் கொடுத்தாள்.

5

இந்த இடத்தில் நர்ஸைக் கடைக்கு அனுப்பி ஆவேசமாக ஒரு பக்கம் பேச வைத்திருந்தேன். நல்ல வசனம். ஆனால் நடந்தது வேறு. அதனால் கிழித்துவிட்டேன்.

மறுநாள் காலை, சாமான் வண்டி ஓட்டும் அவள் கணவன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இறங்கியது. முதுகுச் சாய்மானம் உள்ளது. அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்து, மூன்றாம் கவுன்ட்டருக்குப் பின்னால் போட்டு, உட்கார்ந்து, முதல் கூடையை இழுத்தாள்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"ஏய், என்ன இது? யாரு குடுத்தா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தாங்க சார். கையிருப்பு இல்லன்னு நீங்கதானே எழுதினீங்க? வெளிய வாங்கிக்கிட்டேன்."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பின்னால் நின்றவர்களுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டோடு அலையாதவர் அந்த வரிசையில் யார்? மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார், வரிசையைப் பார்த்தார், "கஸ்டமர் வெயிட் பண்றாங்க பாரு, போடு போடு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வாடிக்கையாளர் யாரும் அவமானம் தாங்காமல் மயங்கி விழவில்லை.

இருபத்தாறாவது வாரம் வந்தது. திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு நாளும் அவள் காலையில் கண் விழித்ததும் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கணவனை எழுப்பினாள். ஞாயிறும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கதையின் உச்சகட்டம் அதுதான். நான் எழுதியவற்றில் சத்தமே இல்லாத உச்சகட்டம்.

6

பத்திரிகை ஆசிரியருக்குச் சத்தம் வேண்டியிருந்தது.

"நாற்காலி வந்தாச்சு. உட்கார்ந்தாச்சு. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சார். அதான் கதை."

"யோவ், ஒண்ணுமில்லங்கறத நான் எப்படி அட்டையில போடறது? இருபத்தொன்பதாம் வாரம் அந்த நாற்காலி ஒடையட்டும்யா. பிளாஸ்டிக்தானே? படார்னு! ரத்தம், ஆம்புலன்ஸ், தொடரும்!"

எனக்கும் கை ஊறியது. பழக்கதோஷம். 'நாற்காலியின் பின்னங்காலில் ஒரு மெல்லிய விரிசல் இருந்ததை அவள் கவனிக்க—' என்று எழுதியும் விட்டேன். அதற்குள் நர்ஸிடமிருந்து போன்.

"இருபத்தொன்பது முடிஞ்சுது சார். குழந்தை நல்லா ஒதைக்குது. நீங்க ஒண்ணும் பண்ணிடலியே?"

"இல்லம்மா," என்றேன், காகிதத்தைக் கசக்கியபடி.

7

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். இதை எழுதும்போது அவளுக்கு முப்பத்தோராவது வாரம். முப்பத்தேழைத் தாண்ட வேண்டும். நாற்காலி உடைந்தே தீர வேண்டும் என்பவர்கள் ஆசிரியருக்கு எழுதுங்கள், அவர் உங்கள் கட்சி. ஒன்றும் நடக்க வேண்டாம் என்பவர்கள் எழுத வேண்டாம், சும்மா இருங்கள். அதுவும் கடினமான வேலைதான் என்று கண்டுகொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

போன வாரம் அந்த ஆஸ்பத்திரியில் குறைப்பிரசவத் தடுப்பு விழிப்புணர்வு நாள் நடந்தது. இப்படி ஒரு கதை எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு என்னைச் சிறப்புரைக்கு அழைத்திருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. அதிகாரிகள், அலுவலர்கள், பயிற்சி மாணவிகள். கர்ப்பிணிகளை நிற்க வைக்கும் சமூகத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். நாற்காலிச் சீட்டைப் படித்துக் காட்டியபோது கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆனது. பூரித்துப் போனேன்.

இறங்கியதும் நர்ஸ் என் முழங்கையைப் பிடித்தார். "இன்னிக்கு அவளுக்குச் செக்கப் நாள் சார். வாங்க, நேர்ல காட்டறேன்."

பரிசோதனைப் பிரிவின் தாழ்வாரத்தில் இருபது இருபத்தைந்து கர்ப்பிணிகள் சுவரோரம் வரிசையாக இருந்தார்கள். நடுவில் அவள், சுவரில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலை மாற்றி மறு காலில் எடையைப் போட்டுக்கொண்டு. நர்ஸின் பார்வை நேராக அவள் பாதங்களுக்குப் போனது.

"என்னடி, கால் இப்படி வீங்கிக் கெடக்கு? கடையில அந்த ஆளு நாற்காலியப் புடுங்கிட்டானா? இரு, இன்னிக்கு நேராவே போயி—"

"ஐயோ, அவர ஒண்ணும் சொல்லாதீங்கக்கா, கடையில நான் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கேன், இங்க இருந்த பெஞ்சையெல்லாம்தான், யாரோ கதை எழுதறவர் பேசறாராம்னு காலையிலயே கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."